யாரு கூட மாமா வாசிக்கது?

எங்க அக்கா மகன் ஐந்து வருஷமாக வயலின் படிக்கிறான். பேரைப் போட்டால் வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பான் என்பதால் 'மருமகன்' என்றே வைத்துக்கொள்வோம். டிரினிட்டி கல்லூரி நடத்துகிற கிரேடு தேர்வுகளில் மூன்று எழுதி மூன்றிலும் பாஸ். சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டு அக்கா ஹாலில் மாட்டி வைத்திருக்கிறாள். நாகர்கோவிலில் விடாமல் மழை பெய்த ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். வயலின் பெட்டி பீரோவுக்கு மேலே இருந்தது. அதற்கும் மேலே ஒரு குக்கர் அட்டைப்பெட்டி.

"என்னடே, வயலினுக்க மேல குக்கரத் தூக்கி வச்சிருக்க?"

"இப்பம் வாசிக்கது இல்ல மாமா."

"ஏன், பரீட்சையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒத்தைக்கு வாசிச்சு வாசிச்சு மடுத்துப் போச்சு. யாரு கூட மாமா வாசிக்கது?"

பதில் சொல்லத் தெரியாமல் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தால் கூட விளையாட நாலு பேர் வேண்டும் என்று நமக்குத் தெரியும். வயலின் வாங்கிக் கொடுக்கும்போது மட்டும் அது தோன்றுவதே இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பழைய காணொளி ஒன்று மறுபடி கண்ணில் பட்டது. பாஸ்டன் நகரத்தில் ஏ.ஆர்.ரஹ்மானும் மாணவர்களும். முன்பு பார்த்தபோது "அடடா, நம்ம ஆளு" என்று பெருமைப்பட்டுவிட்டு மூடிவிட்டேன். இந்தத் தடவை மருமகன் கேட்ட கேள்வி காதில் இருந்ததால் வேறு மாதிரி தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பைய வாசியுங்க.

முதலில் விஷயம். பெர்க்லி இசைக் கல்லூரி பாஸ்டனில் 1945-இல் தொடங்கப்பட்டது. ஜாஸ், பாப், சினிமா இசை என்று 'இன்றைய' இசையைப் பாடமாக எடுத்துக்கொண்ட கல்லூரி. அங்கே 2011-இல் இந்தியாவைச் சேர்ந்த அனெட் ஃபிலிப் 'பெர்க்லி இந்தியன் ஆன்சாம்பிள்' என்று ஒரு மாணவர் குழுவை ஆரம்பித்தார். பல நாட்டுப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு ச ரி க ம என்றால் என்னவென்றே தெரியாது. இந்தியப் பாட்டுகளை எடுத்து, அலசி, தங்களுக்கு ஏற்றபடி திரும்பக் கட்டுவதுதான் அவர்களுடைய வேலை.

2014 அக்டோபர் 24-ஆம் தேதி, பாஸ்டன் சிம்பொனி ஹாலில் ரஹ்மானுக்கு அந்தக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அது 1900-இல் திறந்த அரங்கம். சுமார் 2,600 பேர் உட்காரலாம். ஒலி அமைப்புக்கு உலகப் புகழ் பெற்ற இடம். நம்ம ஊரில் டாக்டர் பட்டம் என்றால் எப்படி இருக்கும்? கறுப்பு அங்கி, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, தேசிய கீதம். முடிந்தது. அங்கே மாணவர்கள் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவுமாக உட்கார்ந்து, ரஹ்மான் பாட்டுகளையே அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவரும் மேடையேறி அவர்களோடு சேர்ந்து பாடினார்.

இதில் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது கச்சேரி இல்லை. கச்சேரிக்கு முந்தின நாட்களில் அவர் மாணவர்களுடைய ஒத்திகையில் போய் உட்கார்ந்ததுதான். அந்தப் பிள்ளைகள் அவர் பாட்டை அச்சடித்தாற்போல வாசிக்கவில்லை. மாற்றியிருந்தார்கள். புது இடையிசை, புது ஸ்வரக் கூட்டு, ஒரு பாட்டின் வாலில் இன்னொரு பாட்டின் தலை. தான் பெற்ற பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரன் மொட்டையடித்துக் காது குத்திக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? பாட்டை எழுதியவர் அங்கேயே உட்கார்ந்து அதைக் கேட்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் கேட்டார். மேடையில் அவர்களோடு நின்றார். ஒரு மாணவனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எதைக் கொடுக்க முடியும்?

அவர் வருவதற்கு முன்பே அந்தக் குழு செய்த 'ஜியா ஜலே' காணொளியை நீங்கள் பார்த்திருக்கலாம். கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. 1998-இல் வந்த 'தில் சே' படப் பாட்டு. நமக்கு 'உயிரே' படத்தின் 'நெஞ்சினிலே' என்றால் சட்டென்று விளங்கும். அந்தப் பாட்டுக்கு நடுவில் கோரஸாக மலையாள வரிகள் வரும். பல நாட்டுப் பிள்ளைகள் பாஸ்டனில் நின்றுகொண்டு அந்த மலையாளத்தை நாக்கு சுளுக்காமல் பாடுகிறார்கள். களியக்காவிளை தாண்டினால் மலையாளம், ஆரல்வாய்மொழி தாண்டினால் திருநெல்வேலித் தமிழ் என்று இரண்டுக்கும் நடுவே வாழ்கிற எங்களுக்கு அது கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும், கண்ணில் தண்ணியும் வரும். கொள்ளாம் பிள்ளைகளா என்று சொல்லத் தோன்றும். அதே குழு 2022-இல் வெளியிட்ட 'ஷுருவாத்' என்கிற ஆல்பம் 2023 கிராமி விருதுக்குப் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போனது. ஒரு வகுப்பறையில் ஆரம்பித்த விஷயம்.

"அது அமெரிக்கா, பணம் இருக்கு, செய்யான்" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எங்க தெரு வயலின் சாரிடம் பேசினேன்.

சார் மருமகனுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தவர். எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் வாசித்தவர். பெரிய பேரெல்லாம் இல்லை. மூன்றாவது வரிசை வயலின். இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச் குயரில் வாசிக்கிறார், மற்ற நாட்களில் டியூஷன். அவரிடம் பாஸ்டன் காணொளியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுசும் பார்த்தார்.

"இது புதுசு இல்ல தம்பி. எங்களுக்குக் கோடம்பாக்கம் தான் காலேஜு. காலையில ஏழு மணிக்குப் போயி உக்காருவோம். அம்பது பேரு, அறுபது பேரு. நோட்ஸ் வரும். முன்னாடி பின்னாடி பாத்தது கெடையாது. ரெண்டு ரிகர்சல், பெறவு டேக்கு. பாடுகவியளும் அங்கனயே நின்னு பாடுவாவ. ஒருத்தன் தப்பு விட்டா எல்லாருக்கும் முதல்ல இருந்து. நான் தப்பு விட்டா முன்ன இருக்க பெரியவரு திரும்பி ஒரு பார்வை பாப்பாரு. அந்தப் பார்வையில படிச்சதுதான் எல்லாம், கேட்டியளா."

அவர் சொல்வது சத்தியமான வார்த்தை. ரஹ்மானே அந்தக் காலேஜில் படித்தவர்தான். அவருடைய அப்பா ஆர்.கே.சேகர் மலையாள சினிமாவில் இசையமைப்பாளர். மற்ற இசையமைப்பாளர்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா நடத்திக் கொடுத்தவரும் அவர்தான். 1976-இல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு வயது ஒன்பது. அப்பாவின் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பையன் கீபோர்டோடு ஸ்டூடியோக்களுக்குப் போனான். இளையராஜா உட்படப் பலருடைய ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தான். மாஸ்டர் தன்ராஜிடம் மேற்கத்திய இசை கற்றான். அதே தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜாவும் முன்பே கற்றிருந்தார். புத்தகத்தில் படித்தது ஒரு பங்கு என்றால் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டது பத்து பங்கு இருக்கும்.

பிறகு காலம் மாறியது. சின்தசைசரும் சாம்பிளரும் கம்ப்யூட்டரும் வந்தன. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டலாம் என்றானது. நாற்பது வயலினுக்குப் பதில் நாலு வயலின், அப்புறம் ஒரு கீபோர்டு. கோடம்பாக்கத்தில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கான அழைப்புகள் குறைந்தன. எங்க சாரும் வேலை குறைந்து ஊருக்குத் திரும்பியவர்தான். யாரையாவது குறை சொல்வாரா என்று கிண்டிப் பார்த்தேன். "மாட்டு வண்டிக்காரன் லாரியக் கண்டு அழுதா லாரி நிக்குமா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்ததை எல்லோரும் பேசுகிறோம். கூடவே ஒரு பள்ளிக்கூடமும் மூடியதைப் பேசுவதில்லை. பெயர்ப்பலகை இல்லாத, கட்டணம் இல்லாத, புதிதாக வந்த பையன் பழையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட அந்தப் பள்ளிக்கூடம். பெஞ்சு போட்டு நடத்தாததால் அது மூடியது யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கவனித்தவர்களில் ரஹ்மானும் ஒருவர் என்று நினைக்கிறேன். 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஆஸ்கர் வாங்கியது 2009 பிப்ரவரியில். அதற்கு முன்பே தொடங்கியாயிற்று. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின், வியோலா, செல்லோ, ஊது கருவிகள் எல்லாம் இலவசமாகக் கற்றுக் கொடுக்கிற 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா'வும் அவருடைய அறக்கட்டளை மூலம் வந்தது. கம்ப்யூட்டர் இசையோடு எல்லோரும் சேர்த்துச் சொல்கிற மனிதர், கையால் வாசிக்கிற பிள்ளைகளை உருவாக்கப் பள்ளிக்கூடம் கட்டுகிறார். "பிராயச்சித்தம்" என்று நண்பர் ஒருவர் கிண்டலடித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடித்தவனுக்குத்தான் ஊற்று அடைந்து போனது முதலில் தெரியும்.

இந்த இடத்தில் இன்னொரு பெரியவரையும் சொல்லியாக வேண்டும். 2025 மார்ச் 8-ஆம் தேதி இளையராஜா தன்னுடைய 'வேலியன்ட்' சிம்பொனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். அன்று நானும் குதித்தேன், வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பினேன். பண்ணைப்புரத்து மனுஷன் எண்பது வயதுக்கு மேல் லண்டனில் சிம்பொனி! யாருக்குத்தான் பெருமை இருக்காது? அடுத்த நாள் பல் தேய்க்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. சிம்பொனி எழுதத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறது. அதை முழுசாக வாசிக்க நூறு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்களா? எட்டு கோடி பேர் வாழ்கிற மாநிலம். தனித்தனியாக வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரே அறையில் வாரம் தவறாமல் உட்கார்ந்து சேர்ந்து வாசித்துப் பழகிய ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைச் சொல்லுங்க என்றால் நாம் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

ரஹ்மானுக்கு ரொம்ப முன்னாலேயே இதைச் செய்த சினிமா இசையமைப்பாளர் ஒருவர் உண்டு. எம்.பி.சீனிவாசன். தமிழில் 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசை போட்டவர். மலையாளத்தில் நிறையப் படங்கள். கமல்ஹாசன் கதாநாயகனாக நடித்த மலையாளப் படம் 'கன்னியாகுமரி' (1974), எங்க ஊர்ப் பேரிலேயே வந்தது, அதற்கும் அவர்தான் இசை. சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியவர்களில் முன்னால் நின்றவர். அவர் உருவாக்கியதுதான் 'மெட்ராஸ் யூத் கொயர்'. இளைஞர்களைச் சேர்த்து, பல குரல்களில் இந்தியப் பாட்டுகளைப் பாட வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சேர்ந்து பாடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். 1988-இல் இலட்சத்தீவுக்குப் போன இடத்தில்தான் இறந்தார். ஒரு பக்கம் வாத்தியக்காரனுக்குக் கூலி, இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்குக் கூட்டுப் பாட்டு. இரண்டும் ஒரே வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, நண்பர்கள் சொல்லக்கூடிய ஆட்சேபணைகள்.

முதல் ஆட்சேபணை: "நம்ம சங்கீதம் தனி ஆள் சங்கீதம். மனோதர்மம் தான் அதுக்க உயிரு. அம்பது பேரு பேப்பரப் பாத்து வாசிக்கது வெள்ளக்காரன் சமாச்சாரம்."

பாதி சரி. ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ ஒரு 'ஏ' ஸ்வரம் ஊத, எல்லோரும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். பொதுவாக 440 அதிர்வு. நம்ம கச்சேரியில் பாடகர் வைத்ததுதான் சுருதி. பதினாறு வயலின்கள் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது ஒரு மாதிரிக் கஷ்டம். பதினாறு பேரும் ஒரே கமகத்தை ஒரே மாதிரி அசைப்பது வேறு மாதிரிக் கஷ்டம். எந்த விரலில் சறுக்க வேண்டும், வில்லை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா, அசைவு எந்த அட்சரத்தில் ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொன்றையும் பேசி முடிவு பண்ண வேண்டும். எங்க சார் சொன்னது: "கோடம்பாக்கத்துல நாங்க பேசி முடிவு பண்ணது கெடையாது. முதல் வரிசைக்காரரு தோளப் பாத்து செய்வோம்." ஆக, நம்ம ஆட்கள் இதைச் செய்தவர்கள்தான். முடியாத காரியம் இல்லை.

சேர்ந்து வாசிப்பது நமக்குப் புதுசும் இல்லை. நாஞ்சில் நாட்டுக்காரனிடம் வந்து கூட்டு இசை தெரியாது என்று சொன்னால் எப்படி? கொடை விழாவில் வில்லுப்பாட்டு பார்த்ததில்லையா? நடுவில் வில்லும் வீசுகோலும், பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. வலத்தே பாடுகிறவர் ஒரு வரி எடுக்க, இடத்தே பாடுகிறவர்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். விடிய விடிய நடக்கும். பேப்பர் கிடையாது. ஒருத்தர் மூச்சு வாங்குகிற இடம் மற்றவருக்குத் தெரியும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இந்த வில்லிலிருந்து வந்தவர். அப்புறம் செண்டை மேளம், நாதஸ்வரமும் தவிலும். சர்ச்சுகளில் நாலு குரலில் பாடுகிற குயர்கள், இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழு. கிறிஸ்துமஸ் சமயத்தில் நாகர்கோவில் தெருவில் கேரல் போகும்போது கவனியுங்கள். ஆல்டோ பாடுகிற அக்கா பகலில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவராக இருப்பார். இவ்வளவும் பத்து கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. ஒன்றுக்கொன்று அறிமுகம்தான் இல்லை. தவில்காரர் மகனும் குயர் வயலின் பையனும் ஒரே பஸ்ஸில் டியூஷன் போகிறார்கள். ஒரு நாளும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்ததில்லை.

இரண்டாவது ஆட்சேபணை: "ரஹ்மான் மாதிரி ஆளு நம்ம ஊருக்கு வருவாரா?"

வர வேண்டாம். வந்தால் சந்தோஷம், ஆனால் அவர் வந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றால் ஒரு நாளும் ஆரம்பிக்காது. வெனிசுவேலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளோடு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்தார். 'எல் சிஸ்தேமா' என்று அது நாடு முழுசும் பரவி, லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கருவி பிடித்தார்கள். குஸ்தாவோ டுடாமெல் என்கிற உலகப் புகழ் கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லை மக்கா) அங்கே வாசித்து வளர்ந்தவர்தான். அந்தத் திட்டத்தின் மேல் விமர்சனங்களும் உண்டு. அரசாங்கத்தைச் சார்ந்து நின்றதால் வந்த சங்கடங்கள் உண்டு. அதனால் அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. ஆரம்பிக்க எவ்வளவு குறைச்சலாகத் தேவைப்பட்டது என்பதற்குச் சொல்கிறேன்.

என்ன தேவை? ஒரு அறை. வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம். யாருக்கு எது முடியுமோ அதற்குத் தக்கபடி நோட்ஸ் எழுதிக் கொடுக்க ஒரு ஆள். ஒரு வருஷம் படித்த பிள்ளைக்கு நாலே நாலு ஸ்வரம் கொடுத்தால் போதும். அந்த நாலையும் சரியான நேரத்தில் வாசித்தால் அவனும் ஆர்க்கெஸ்ட்ராதான். தனியாக வாசித்தால் 'இன்னும் தேறல' என்கிற பையன், கூட்டத்தில் வாசித்தால் தேவைப்படுகிற பையன் ஆகிறான். இதற்காகவே செய்யலாம்.

இப்போது பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கிறது? ஆண்டு விழா என்றால் ஒரு பென் டிரைவ். அதில் பதினைந்து பாட்டு. பிள்ளைகள் அதற்கு ஆடுவார்கள், சிலர் கரோக்கிக்குப் பாடுவார்கள். முன்வரிசையில் அப்பா அம்மா செல்போனோடு. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கீபோர்டு படிக்கிற பிள்ளை இருபது இருக்கும், வயலின் ஐந்து, மிருதங்கம் மூன்று. அவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். நான் போன விழாவில் இதைப் பார்த்து, அங்கே ஒரு ஆசிரியரிடம் கேட்டேன். "ரிகர்சல் போட நேரம் இல்ல சார், போர்ஷன் முடிக்கணும்ல்லா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மேலே இருக்கிற பாரம் அப்படி. டிவி போட்டிகளும் பிள்ளைக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்லித் தருகின்றன: நீ தனியா நில்லு, பக்கத்துல இருக்கவன ஜெயி.

ஒத்திகை அறை சொல்லித் தருவது வேறு. அங்கே பக்கத்தில் இருக்கிறவன் தோற்றால் நீயும் தோற்றாய். உன் பங்கு வராத எண்பது தாளக்கட்டு வரைக்கும் எண்ணிக்கொண்டே சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதும் வாசிப்புதான். இதை ஒரு பிள்ளைக்கு வேறு எந்தப் பாடத்தில் சொல்லித் தருவது?

அதனால் என் கருத்து இதுதான். புகழ் பெற்ற இசையமைப்பாளர்கள் நம்ம ஊர்க் கல்லூரிகளுக்கு வரும்போது மாலை போட்டு மேடையில் உட்கார வைக்காதீங்க. பிள்ளைகள் வாசிக்கிற அறைக்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே கூட்டிக்கொண்டு போங்க. தப்புத் தப்பாக வாசிக்கட்டும். அவர் ஒரு இடத்தில் நிறுத்தி, "இதை மெதுவா வாசிச்சுப் பாரு" என்று சொன்னால் அந்தப் பிள்ளை சாகும்வரை அதை மறக்காது. அவர் வராத வாரங்களிலும் அந்த அறை திறந்திருக்க வேண்டும். பாஸ்டனில் ரஹ்மான் இருந்தது சில நாட்கள். அந்தப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தது அதற்கு முன்னால் மாதக்கணக்கில்.

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு வீட்டில் சும்மா இருந்தால் அக்கா உதைப்பாள். அதனால் சாரிடம் போய்ப் பேசினேன். முதலில் "வயசாச்சு தம்பி" என்றார். பிறகு "எத்தன பிள்ளைய?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, எங்க வீட்டு மாடி. மருமகன், குயரிலிருந்து இரண்டு வயலின், ஒரு கீபோர்டு, அதே பஸ்ஸில் டியூஷன் போகிற தவில் பையன். 'நெஞ்சினிலே' பாட்டை சார் ஐந்து பங்காகப் பிரித்து, பழைய கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், கொடூரமாக இருந்தது. சுருதி சேர்க்கவே நாற்பது நிமிஷம். தவில் ஓங்கி அடித்ததில் வயலின் ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மாடிக்கு வந்து, "யாருக்கு மக்ளே கல்யாணம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாரே ஒரு தடவை காதைப் பொத்திக்கொண்டார். தவில் பையனைக் குச்சியை வைத்துவிட்டு விரலால் மட்டும் தட்டச் சொன்னார். மருமகனை, "நீ ஒனக்கதப் பாக்காத, அவன் கையப் பாரு" என்றார். ஆறு மணிக்கு நாலே நாலு வரி, சுமார் இருபது விநாடி, ஒன்றாக வந்தது. வந்ததும் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்தியதற்கு சார் திட்டினார்.

இறங்கும்போது மருமகன் கேட்டான், "மாமா, அடுத்த ஞாயிறும் உண்டுல்லா?"

பீரோவுக்கு மேலே இப்போது குக்கர் பெட்டி மட்டும்தான் இருக்கிறது.

பி.கு: செல்லோ வாசிக்கத் தெரிந்தவர் யாராவது நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருந்தால் சொல்லுங்க. புல்லாங்குழலும் கொள்ளாம். சம்பளம் கிடையாது. டீயும் ரசவடையும் உண்டு.